கம்பியில்லா இணைப்பும் மலைநாட்டு இல்லமும்

‘வைஃபை போய்விட்டது’ என்பது இன்று இல்லங்களிற் கேட்கப்படும் முறைப்பாடுகளுள் மிகப் பழகியதொன்று. சொல்லளவில் அஃது ஒரே முறைப்பாடாயினும், பொருளளவில் அதனுள் வெவ்வேறான கோளாறுகள் பல ஒடுங்கிக் கிடக்கின்றன. மடிக்கணினியின் உள்ளே நேரும் பழுது ஒன்று. கணினிக்கும் ரவுட்டருக்கும் இடைப்பட்ட வெளியிலே அலை நலிவது மற்றொன்று. ரவுட்டர் தானே அணைந்து மீண்டும் எழுவது வேறொன்று. ரவுட்டருக்கு அப்பால், குன்றின்மேல் நிற்கும் கோபுரத்திலோ வீதியோரத்து இழையிலோ நேரும் தடை பிறிதொன்று. கணினித் திரையில் இவை யாவும் ஏறத்தாழ ஒரே முகத்தையே காட்டுகின்றன. ஆதலின், கெட்டது எதுவென்று அறியாமலே எதையாவது மாற்றிப் பார்க்கும் வழக்கம் பெருகியுள்ளது. புதிய ரவுட்டர் வாங்குவோரும், கணினியில் உள்ளவற்றையெல்லாம் அழித்து மீள நிறுவுவோரும், நல்ல கணினியைக் குறைந்த விலைக்கு விற்றுவிடுவோரும் உளர்.

மாத்தளை மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளுள் ஒன்றாகிய யட்டவத்த இவ்வாராய்ச்சிக்கு ஏற்றதோர் இடமாகும். குன்றும் சரிவும் பள்ளமும் மாறிமாறி வரும் நிலம் அது. மாத்தளை மாவட்டம் மிளகு, கராம்பு, சாதிக்காய், கொக்கோ முதலியவற்றுக்குப் பெயர்பெற்றது. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் மாத்தளையில் அமைந்திருப்பதும் அது பற்றியே. இத்தகைய பயிர்கள் பலாவோடும் தென்னையோடும் கமுகோடும் நெருங்கி வளரும் தோட்டங்களின் நடுவே வீடுகள் தனித்தனியே நிற்கின்றன. மாவட்டத்தின் தோட்டப்புறங்களிலோ லயன் வீடுகள் ஒரே சுவரைப் பகிர்ந்து வரிசையாக நிற்கின்றன. இவ்விருவகை வீடுகளிலும் இணையம் இன்று ஆடம்பரப் பொருளன்று. 2020 மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் இணையத்தின் வழியே வந்தன. பாடசாலைகள் மீளத் திறந்த பின்னரும் பரீட்சை விண்ணப்பங்களும் பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பமும் அவ்வழியிலேயே செல்கின்றன. விண்ணப்ப முடிவு நாளின் மாலையில் மும்முறை அறுந்துபோகும் இணைப்பு ஒரு மாணவனுக்கு ஓராண்டையே இழப்பித்துவிடக் கூடும்.

இக்கோளாற்றைத் தீர்க்கக் கைந்நூல்கள் கூறும் முதல் அறிவுரை, ரவுட்டரின் அலைத்தடத்தை மாற்றுக என்பதே. 2.4 கிகாஹேட்ஸ் பட்டையில் 1, 6, 11 ஆகிய தடங்கள் ஒன்றோடொன்று மேற்படியாதவை. அயலார் ஒரு தடத்தில் நெருங்கியிருப்பின் மற்றொன்றுக்குச் செல்வது நன்று. ஆயின் அவ்வறிவுரை, ஒரே கட்டடத்தில் முப்பது குடும்பங்களும் முப்பது ரவுட்டர்களும் உள்ள நகரத்தை மனத்திற் கொண்டு எழுதப்பட்டதாகும். கொழும்பு மாடிக் குடியிருப்புக்கு அது பொருந்தும். சுவரொட்டிய லயன் வரிசைக்கும் ஓரளவு பொருந்தும். அடுத்த வீடு மிளகுத் தோட்டத்துக்கு அப்பால் நிற்கும் யட்டவத்த இல்லத்துக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. மலைநாட்டில் முதற்கண் ஐயுறத்தக்கவை வேறு. அவற்றை அறிதற்கு, இணைப்பு என்பது எவ்வாறு நிலைபெறுகின்றது என்பதைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

கம்பியில்லாத் தொடர்பு இலங்கைக்குப் புதியதன்று; கொழும்பு வானொலி 1925 டிசம்பரில் முறையாக ஒலிபரப்பைத் தொடங்கிற்று. ஆயின் வானொலிக்கும் வைஃபைக்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. வானொலி நிலையம் பேசும், கேட்பவர் வாளாவிருப்பர். வைஃபையிலோ இருபுறமும் பேசவும் கேட்கவும் வேண்டும். இவ்வகைத் தொடர்புக்கு வழிகாட்டியது, ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஆப்ரம்சனும் அவர்தம் குழுவினரும் தீவுகளை வானலையால் இணைத்து 1971 இல் இயங்கச் செய்த அலோஹா வலையமைப்பாகும். செய்தியைச் சிறுசிறு பொதிகளாக்கி அனுப்புக. ‘கிடைத்தது’ என்னும் மறுமொழி வாராவிடின் சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்புக என்பதே அதன் நெறி. 1997 இல் வகுக்கப்பட்ட 802.11 என்னும் வைஃபைத் தரமும் இந்நெறியின் வழிவந்ததே. ஆகவே, அலை நலியும்போது இணைப்பு உடனே அறுவதில்லை. பொதிகள் மீண்டும் மீண்டும் அனுப்பப்படுகின்றன, வேகம் குறைகின்றது, காணொளி தயங்குகின்றது, இறுதியிலேயே அறுகின்றது. தளர்ந்து தளர்ந்து அறும் இணைப்பு அலைநலிவைக் குறிக்கும். நல்ல வேகத்தில் இருந்தபடியே திடீரென அறும் இணைப்புக்கு வேறிடத்திற் காரணம் தேட வேண்டும். நோயறிதலில் இவ்வேறுபாடு பெரிதும் பயன்படுவது.

ரவுட்டர் ஏறத்தாழ விநாடிக்குப் பத்து முறை ‘யான் இங்கிருக்கின்றேன்’ என்று அறிவிக்கும் சிறு சைகையை வெளியிட்டுக்கொண்டேயிருக்கின்றது. அச்சைகைகள் தொடர்ந்து சில கேளாதொழியின், ரவுட்டர் மறைந்துவிட்டதென மடிக்கணினி முடிவு செய்கின்றது. இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. ரவுட்டரின் அலைவலு பெரும்பாலும் மடிக்கணினியினதை விட மிகுதி. ரவுட்டரின் உரத்த குரல் கணினிக்கு நன்கு கேட்கும். கணினியின் மெல்லிய குரலோ ரவுட்டரைச் சென்றடையாது. திரையின் மூலையில் மூன்று கோடுகள் நிறைந்து நிற்க, பக்கம் மட்டும் திறவாதிருக்கும் புதிருக்கு இதுவும் ஒரு விடை. அக்கோடுகள், கணினிக்கு எவ்வளவு கேட்கின்றது என்பதைச் சொல்லுமேயன்றிக் கணினியின் பேச்சு கேட்கப்படுகின்றதா என்பதைச் சொல்லமாட்டா.

இனிக் கோளாற்றின் இருப்பிடத்தை அறியும் முறை. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. வீட்டில் உள்ள கைத்தொலைபேசி ஒன்றே போதும். கணினியில் இணைப்பு அறும் கணத்தில், அதே இடத்தில் வைத்து அதே வைஃபையில் இணைந்திருக்கும் தொலைபேசி என்ன செய்கின்றது என்று பார்க்க வேண்டும். அதனிலும் அறுமாயின், கணினி குற்றமற்றதாதல் பெரும்பாலும் உறுதி. தொலைபேசியில் நிலைத்திருந்து கணினியில் மட்டும் அறுமாயின், கணினியைத் தொலைபேசியின் சொந்த இணையப் பகிர்வோடு இணைத்து ஒரு மாலைப்பொழுது பயன்படுத்திப் பார்த்தல் தகும். அங்கும் அறுமாயின் பழுது கணினியில் உள்ளது. அங்கு நிலைத்திருப்பின், ரவுட்டருக்கும் அக்கணினிக்கும் இடையிலுள்ள உறவே கெட்டது எனலாம். அடுத்து, ரவுட்டரின் பின்புறத்துத் துளையொன்றிலிருந்து ஈதர்நெற் கம்பியைக் கொண்டுவந்து கணினியிற் செருகி, வைஃபையை நிறுத்திவிட்டுப் பார்த்தல் வேண்டும். கம்பியிலும் அறுமாயின் காற்றில் உள்ள அலையைப் பழிப்பதிற் பயனில்லை.

பிங் என்னும் சிறு கட்டளை இதனை மேலும் நுணுக்கமாகக் காட்டும். ஒரு முகவரிக்குப் பொதியை அனுப்பி, மறுமொழி வர எத்தனை மில்லிவிநாடி சென்றதென்பதை அது அறிவிக்கும். முதலில் ரவுட்டரின் முகவரிக்கு அனுப்புதல் வேண்டும். அது பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.8.1 என்றிருக்கும். பின்னர் 8.8.8.8 என்னும் கூகிள் நிறுவனத்தின் முகவரிக்கும், அதன் பின்னர் எண்ணாக அன்றிப் பெயராக ஒரு தளத்துக்கும் அனுப்புதல் வேண்டும். ரவுட்டரே மறுமொழி தாராவிடின் பழுது வீட்டுக்குள் உள்ளது. ரவுட்டர் விடைதந்து 8.8.8.8 விடைதாராவிடின் பழுது வீட்டுக்கு வெளியே உள்ளது. எண் விடைதந்து பெயர் விடைதாராவிடின், பெயரை எண்ணாக மாற்றித்தரும் சேவையே தவறியது. அலைக்கு அதில் யாதொரு பங்குமில்லை. கணினியின் சொந்த முகவரி 169.254 என்று தொடங்குவதாகக் காணப்படின், ரவுட்டரிடமிருந்து முகவரி பெறாத கணினி தனக்குத்தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்பது பொருள்.

தோட்டங்களில் மழைமானியின் அளவை நாள்தோறும் பதிவேட்டிற் குறிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அவ்வாறே, இணைப்பு அறும் நேரங்களை ஒரு வாரம் குறித்து வைத்தல் வேண்டும். நேரம், அப்போது மழையா, மின்விளக்கு மங்கிற்றா, கணினி மின்கலத்தில் இயங்கிற்றா என்ற நான்கு குறிப்புகளே போதும். சரியாக மணிக்கொரு முறை அறுமாயின், அது ரவுட்டர் தன் மறைக்குறித் திறவுகோலைப் புதுப்பிக்கும் வேளையாக இருக்கலாம். பல ரவுட்டர்களில் அவ்விடைவெளி 3600 விநாடி. அப்போது கணினியின் வைஃபைச் செயலியைப் புதுப்பித்தலே மருந்து. மழையோடு மட்டும் அறுவது கோபுரத்தையும், மாலையில் மட்டும் அறுவது மின்சாரத்தையோ கோபுரத்தின் நெரிசலையோ காட்டும். ஒரு வாரப் பதிவு, பத்து ஊகங்களை நீக்கிவிடும்.

யட்டவத்த போன்ற இடங்களில் முதலில் ஐயுறத்தக்கது மின்சாரமே. இலங்கையின் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ற்று. நீண்ட கிராமியக் கம்பியின் இறுதியில் உள்ள வீட்டுக்கு அது சிலவேளை குறைந்தே வந்துசேரும். இக்கால மின்மாற்றிச் செருகிகள் 100 வோல்ற்று வரை பொறுப்பன. ஆகையால் அழுத்தக் குறைவைவிடக் கணப்பொழுது மின்தடையே ரவுட்டரைப் பெரிதும் தாக்குகின்றது. காற்றில் கிளையொன்று கம்பியிற் படும், விளக்கு ஒருமுறை இமைக்கும், அவ்வளவுதான். மடிக்கணினிக்குத் தன் மின்கலம் உண்டு. அஃது ஒன்றும் அறியாது. மின்கலமில்லாத ரவுட்டரோ அணைந்து, எழுந்து, கோபுரத்தை மீண்டும் தேடிப்பிடிக்க ஓரிரு நிமிடம் செல்லும். எரிந்துகொண்டிருக்கும் கணினியின் முன்னிருப்பவர், ‘கணினியில் வைஃபை நிற்பதில்லை’ என்றே முறையிடுவார். உண்மையில் உயிர்விட்டது மறு அறையில் உள்ள பெட்டி. ரவுட்டரின் விளக்குகள் யாவும் ஒருங்கே அணைந்து ஒன்றன்பின் ஒன்றாக எழுவதைக் கண்ணாற் கண்டால் ஐயம் தீரும். 2022 மார்ச் 31 ஆம் நாள் நாட்டில் 13 மணி நேரம் மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. அந்நெருக்கடிக் காலத்தில் ரவுட்டருக்கென அமைந்த 12 வோல்ற்றுச் சிறு மின்சேமிப்புப் பெட்டி பலர் இல்லம் புகுந்தது. நெடிய இருளுக்கென வாங்கப்பட்ட அப்பெட்டி, ஒரு கண இமைப்பைக் கடத்திவிடுவதிலேயே கூடுதலாகப் பயன்படுகின்றது. (2025 பெப்ரவரி 9 ஆம் நாள் நாடெங்கும் மின்சாரம் தடைப்பட்டபோது, பாணந்துறை உபமின் நிலையத்திற் புகுந்த குரங்கொன்றே அதற்குக் காரணமெனத் துறைசார் அமைச்சர் கூறினார். மின்விநியோகத்தின் மென்மையை விளக்க இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.) சித்திரை மாதத்தையும் ஐப்பசி, கார்த்திகையையும் ஒட்டிய பருவப்பெயர்ச்சிக் காலங்களில் பிற்பகல் இடிமுழக்கம் மிகுதி. அப்போது ரவுட்டரின் செருகியைக் கழற்றிவிடுதல் நன்று. கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது என்பது உண்மையே. ஆயினும் அவ்விழை வந்துசேரும் பெட்டி மின்செருகியில்தான் மாட்டப்பட்டுள்ளது.

அடுத்தது, மலைநாட்டுக்கே உரிய ஓர் இக்கட்டு. கண்ணாடி இழை எட்டாத வீடுகளில், சிம் அட்டை செருகிய 4ஜி ரவுட்டரே இணையத்தைத் தருவது. இலங்கையில் 4ஜி சேவை 2013 ஏப்ரலில் கைத்தொலைபேசிக்கு வந்தது. இந்த ரவுட்டருக்கு இரண்டு முகங்கள்: ஒன்று வெளியே கோபுரத்தை நோக்குவது, மற்றொன்று உள்ளே வீட்டாரை நோக்குவது. கோபுர அலை குன்றின் விளிம்பில் வளைந்து வந்து சேர்வதற்குள் நலிந்துவிடுகின்றது; மழைநீர் படிந்த இலைகள் அதனை மேலும் உறிஞ்சுகின்றன. எனவே கோபுரத்தை நோக்கிய சாளரத்தருகே ரவுட்டர் இருத்தல் வேண்டும். வைஃபையின் பொருட்டோ அது வீட்டின் நடுவே இருத்தல் வேண்டும். இரண்டையும் ஒரே இடத்திற் பெறுதல் அரிது. சாளரத்தில் வைத்தால் பின்னறையில் படிப்பவனுக்கு வைஃபை எட்டாது. பின்னறையில் வைத்தால் வைஃபை நிறைந்து இணையம் இல்லாது போகும். வீட்டார் பெட்டியை அங்குமிங்கும் மாற்றி, ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு குறையை நீக்கி மற்றொன்றை வருவித்துக்கொள்கின்றனர். இதற்கு நேரிய தீர்வு, ரவுட்டரைச் சாளரத்திலேயே நிலைநிறுத்தி, அங்கிருந்து ஈதர்நெற் கம்பியைப் பின்னறைக்குக் கொண்டுசென்று, கணினியையோ இரண்டாவதொரு வைஃபைப் பெட்டியையோ அதனில் இணைப்பதேயாகும். அக்கம்பி 100 மீற்றர் வரை தளராது செல்லும். எந்த வீட்டுக்கும் அது போதும். அலையைக் கேட்டு அலையாகவே மீண்டும் அனுப்பும் மலிவான பெருக்கிகள் இதற்கு ஈடாகா. வேகத்தைப் பாதியாக்குவதோடு, இரண்டு பெட்டிகளுக்கு நடுவே கணினியை ஊசலாடவும் விடுகின்றன.

சுவரும் கூரையும் செய்யும் தடையையும் இங்கே கூறல் வேண்டும். தடித்த கருங்கற் சுவரும் இரும்புக்கம்பி புதைத்த கொங்கிறீற்றும் அலையைப் பெரிதும் விழுங்குவன. தகரக் கூரையோ விழுங்குவதில்லை. கண்ணாடிபோல் தெறிக்கச் செய்கின்றது. தெறித்த அலையும் நேரே வந்த அலையும் கூடுமிடத்தில், ஒன்று மற்றொன்றை அழித்துவிடும் புள்ளிகள் தோன்றுகின்றன. 2.4 கிகாஹேட்ஸ் மீடிறனுக்கு அலைநீளம் ஏறத்தாழ 12.5 சென்ரிமீற்றர், ஆதலின் அத்தகைய செவிட்டுப் புள்ளியிலிருந்து அரைச்சாண் நகர்ந்தாலே அலை மீளக்கூடும். மேசையின் ஒரு மூலையில் அறுவதும் மறுமூலையில் நிலைப்பதும் மாயமன்று. ரவுட்டரை இரும்பு அலுமாரிக்குள் அழகாக ஒளித்து வைப்பதும், தொலைக்காட்சியின் பின்னே செருகிவிடுவதும் பரவலான பிழைகள். தோளுயரத்துக்கு மேல், திறந்த பலகையில், தகரத்தின் வெப்பம் நேரே தாக்காத இடத்தில் அது அமைதல் வேண்டும். நண்பகற் சூட்டில் தடுமாறும் ரவுட்டர்களும் உள.

5 கிகாஹேட்ஸ் பட்டை வேகமிக்கது. ஆயின் சுவரை ஊடுருவும் ஆற்றல் குறைந்தது. இரண்டு பட்டைகளுக்கும் ஒரே பெயர் சூட்டப்பட்டிருப்பின், சுவருக்கு அப்பாலுள்ள கணினி நலிந்த வேகப்பட்டையைப் பற்றிக்கொண்டு தத்தளிக்கும். இரண்டுக்கும் வெவ்வேறு பெயரிட்டு, பின்னறைக் கணினியை 2.4 இல் மட்டும் இணைத்துவிட்டாலே தீரும் முறைப்பாடுகள் பல. 5 கிகாஹேட்ஸ் பட்டையின் சில தடங்கள் ராடருக்கும் உரியவை. அத்தடங்களில் ராடர் ஒலித்ததாக ரவுட்டர் கருதின், உடனே தடத்தை விட்டு விலகும். புதிய தடத்தைக் குறைந்தது ஒரு நிமிடம் செவிமடுத்த பின்னரே பேசவுங்கூடும். நல்ல வேகத்தில் இருந்தபடி திடீரென ஒரு நிமிடம் மறைந்து வரும் இணைப்புக்கு இதுவும் காரணமாதல் உண்டு. 36 முதல் 48 வரையான தடங்களுக்கு மாற்றிவிடின் இத்தொல்லை இல்லை.

இத்துணையும் நோக்கிய பின்னரும் கணினியே குற்றவாளியென உறுதிப்படின், முதலில் நோக்கத்தக்கது மின்சிக்கன ஏற்பாடு. மின்கலத்தில் இயங்கும்போது மட்டும் இணைப்பு அறுமாயின், விண்டோஸ் முறைமையானது வைஃபை அட்டையை உறங்கவிடுகின்றதென்க. சாதன முகாமையில், சக்தியைச் சேமிக்க இச்சாதனத்தை நிறுத்தலாம் என்னும் இசைவை நீக்கிவிடல் வேண்டும். அடுத்து, கணினி உற்பத்தியாளரின் தளத்திலிருந்து வைஃபைச் செயலியைப் புதுப்பித்தல். ஒரு புதுப்பிப்பின் பின்னரே கோளாறு தோன்றியதாயின், முந்தியதற்கே மீளல். ஒரே வேளையில் மூன்றை மாற்றிவிட்டு எது குணப்படுத்திற்றென அறியாது நிற்றல் தகாது. ஒன்றை மாற்றி ஒரு நாள் பார்த்தல் வேண்டும். ரவுட்டரின் பின்புறத்து ஊசித்துளையை அழுத்துவதோ இறுதியிலும் இறுதியாகவே செய்யத்தக்கது. அது வெறும் மீள்தொடக்கமன்று. நிறுவனம் இட்டுத்தந்த அமைப்புகளையும் அழித்துவிடும். அதன் பின்னர் நிறுவனத்தார் மலையேறி வரும் வரை வீட்டில் இணையமே இராது.

பழைய கணினி வாங்குவோர் அறியவேண்டிய பழுது ஒன்றுண்டு. மடிக்கணினியின் அலைவாங்கி அடிப்பாகத்தில் இல்லை. பெரும்பாலும் திரையின் சட்டத்துக்குள் உள்ளது. அதிலிருந்து நூல்போன்ற இரண்டு கம்பிகள் மூடியின் கீல் வழியே இறங்கி, வைஃபை அட்டையிலுள்ள மிகச்சிறு பொத்தான்களில் மாட்டப்பட்டிருக்கும். பல ஆண்டுகள் திறந்து மூடிய கீலில் கம்பி நைந்துபோவதும், எப்போதோ திறந்து பழுதுபார்த்தவர் பொத்தானைச் சரியாக அழுத்தாது விடுவதும் உண்டு. ரவுட்டரின் அருகே இருக்கும்போது நன்கு இயங்கி, இரண்டு பாகம் விலகியதும் அறுவதும், திரையைச் சாய்க்கும் கோணத்துக்கேற்ப அலை ஏறி இறங்குவதும் இதன் அறிகுறிகள். எத்தனை முறை முறைமையை அழித்து நிறுவினும் இது தீராது. கணினியைத் திறந்து அப்பொத்தானை அழுத்தின் ஒரு நிமிடத்தில் தீரலாம்.

கம்பியே அறுந்திருப்பின், யூஎஸ்பி துளையிற் செருகும் சிறு வைஃபைக் கருவியொன்றை வாங்குதல் புதிய கணினி வாங்குதலினும் பன்மடங்கு மலிவு. அதனை வாங்கியும் பயன்பெறாதோர் உளராதலின், ஒரு குறிப்பு வேண்டப்படுகின்றது. யூஎஸ்பி 3 வகைத் துளைகளும் அவற்றிற் செருகிய வன்தட்டுகளும் 2.4 கிகாஹேட்ஸ் பட்டையில் இரைச்சலை எழுப்புவன என்பதை இன்டெல் நிறுவனம் 2012 இல் வெளியிட்ட ஆய்வறிக்கை காட்டிற்று. எனவே அக்கருவியை வன்தட்டின் அருகிலுள்ள துளையில் நேரே செருகாமல், ஒரு முழ நீளமுள்ள நீட்டிப்புக் கம்பியின் நுனியில் மாட்டி, கணினியை விட்டுச் சற்று விலக்கி, ரவுட்டர் இருக்கும் திசையை நோக்கி வைத்தல் வேண்டும்.